சர்வே எண் 214/2-இல் துறைமுகம்

1978ஆம் வருடம் ஆவணி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு அரியலூருக்குக் கிழக்கே வெள்ளாங்குறிச்சிக்குக் கடல் வந்தது. அன்று சந்தையில் சின்ன வெங்காயம் கிலோ அறுபது பைசா. ஜெயங்கொண்டம் பஸ் இருபது நிமிடம் தாமதம். கடல் தாமதமில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு விண்ணப்பத்தின் பதினான்காவது கேள்வி. சுண்ணாம்புக்கல் வெட்டும் ராசாங்கத்தின் மகள் வேம்பு, அந்த ஊரில் பி.யு.சி. தேறிய முதல் பெண். இரண்டே மதிப்பெண்ணில் இங்கே டாக்டர் படிப்பு கைநழுவிப் போனது. அழுவாள் என்று எதிர்பார்த்து வந்த சொந்தக்காரர்கள், அவள் சோவியத் நாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் காப்பி மட்டும் குடித்துப் போனார்கள். கருங்கடல் ஓரத்தில் ஒடெசா என்று ஊர். படிப்பு, சாப்பாடு, கப்பல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதின்மூன்று கேள்விகளுக்கு வேம்பு தடங்கலில்லாமல் பதில் எழுதினாள். பதினான்காவது, எந்தத் துறைமுகத்தில் கப்பலேறுவீர் என்பது. அந்தத் துறைமுகம் இருக்கும் தாலுகாவின் தாசில்தார் சான்று தர வேண்டும். நாகப்பட்டினத்துத் தாசில்தாருக்கு இவளைத் தெரியாது, சென்னையில் யாரையும் இவளுக்குத் தெரியாது, கடைசித் தேதிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

ராசாங்கம் மகளைக் கூட்டிக்கொண்டு கர்ணம் பாலசுந்தரத்திடம் போனார். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் கணக்கைக் கர்ணம் வீட்டில் இருந்தபடியே எழுதுவார். வயலுக்குப் போய்ப் பார்ப்பது தன் எழுத்தைத் தானே சந்தேகிப்பது போலாகும் என்பது அவர் கொள்கை. அவர் பருத்தி என்று எழுதிய நிலத்தில் சோளம் விதைத்தவர்களுக்கும் தை மாதம் பருத்தியே வெடித்தது. நாளடைவில் ஊரார் அவரைக் கேட்டுக்கொண்டே விதைத்தார்கள். அவர் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். நம்ம தாசில்தார் நம்ம தாலுகாவில் இருக்கிற துறைமுகத்துக்குத்தான் கையெழுத்துப் போட முடியும், அதனால் துறைமுகம் இங்கேயே இருந்தாக வேண்டும் என்று முடிவு சொன்னார்.

"இங்க கடலு இல்லீங்களே" என்றார் ராசாங்கம்.

"நீ வெட்டுற கல்லுல சிப்பி வருதா இல்லியா?"

"கூடை கூடையா வருதுங்க."

"அப்ப கடல் இருந்திருக்கு. அத எடுத்துட்டதா எந்த உத்தரவும் எங்கிட்ட வரல."

ராசாங்கம் பதினோரு வருடம் கல் வெட்டிய, குத்தகைக்காரர் கைவிட்டுப் போன பள்ளத்தை, சர்வே எண் 214/2, மூன்று ஏக்கர் நாற்பது சென்ட், துறைமுகம் என்று கர்ணம் எழுதிக் கொடுத்தார். தாசில்தார் குருநாதன் மாட்டுக்கடன் மனுக்களோடு சேர்த்து அதிலும் பச்சை மையில் கையெழுத்திட்டார். கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆகஸ்ட் 22 காலை பத்தரைக்குக் கப்பல் தங்கள் துறைமுகத்துக்கு வரும், அன்று ஏறாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று கடிதமும் வந்தது. அதே வாரம் குருநாதன் ஆபீஸ் நகலைப் படித்துப் பார்த்துவிட்டு, அதே 22ஆம் தேதி நேரில் வந்து பார்ப்பதாகவும், துறைமுகம் இல்லையென்றால் சான்றை ரத்து செய்வதாகவும் எழுதினார். வேம்பு தகரப்பெட்டியில் இரண்டு கம்பளி வைத்தாள். அவள் அம்மா கொளஞ்சியம்மாள் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை வைத்தாள்.

அன்று பத்து மணிக்குத் தாசில்தார் பள்ளத்துக்குள் இறங்கினார். கர்ணமும் ராசாங்கமும் கூட இறங்கினார்கள். அடியில் காய்ந்த கல்லும் இரண்டு ஓணானும்தான் இருந்தன. வேம்பு அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, எங்க உன் கடல்?"

"மணி இன்னும் ஆவலீங்களே சார்."

குருநாதன் ரத்து செய்யப் பேனாவைத் திறந்தார். பத்தே காலுக்குக் கல்லில் ஒட்டியிருந்த சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டு கிடந்த கல்நத்தைகள் சோம்பல் முறித்து நகர்ந்தன. பிறகு உப்பு வாடையோடு நாலாபக்கமும் தண்ணீர் ஊறி, அலையடித்து, தாசில்தாரின் முழங்கால்வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறவில்லை. கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் கப்பல் ஊதியது. முழங்கால் தண்ணீரில் கப்பல் வராது என்று வேம்புவுக்குத் தெரியும். அவள் தாசில்தார் கையிலிருந்த சான்றை வாங்கி வரிவரியாகப் படித்தாள்.

"ஐயா, ஆழம்னு போட்ட எடம் காலியா கெடக்கு."

கர்ணம் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையைச் சொறிந்தார். பள்ளத்துக்கே அன்றுதான் வந்திருந்தார். எழுதாத ஆழத்துக்கு ஏறக் கடலுக்கு அதிகாரமில்லை.

"முப்பத்திரண்டு அடிங்க" என்றார் ராசாங்கம்.

அளந்த ரெக்கார்டு இருக்கிறதா என்று குருநாதன் கேட்டார்.

"நான் வெட்டுனதுங்க. ஒவ்வொரு அடியும் எங்கையில இருக்கு." ராசாங்கம் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். குருநாதன் ஒரு அளவு நாடாவைப் பார்ப்பது போல அவற்றைக் குனிந்து பார்த்தார். அதற்குள் வேம்பு காலி இடத்தில் முப்பத்திரண்டு அடி என்று எழுதிக் காகிதத்தை நீட்டிவிட்டாள்.

"எழுதிச் சேத்ததுக்குப் பக்கத்துல சுருக்கொப்பம் போடணும் சார்."

கப்பல் இரண்டாம் முறை ஊதியது. இடைச்சேர்க்கை இருந்து சுருக்கொப்பம் இல்லாத காகிதம் ஒன்றுகூடக் குருநாதனின் இருபத்தாறு வருட சர்வீஸில் கிடையாது. அதை வேம்பு அவர் முகத்திலேயே படித்திருந்தாள். அவர் இரண்டு எழுத்துப் போட்டார். பச்சை மை காய்வதற்குள் எல்லோரும் கரையேறினார்கள். மை காய்ந்ததும் கடல் முப்பத்திரண்டு அடி ஏறியது. பக்கத்து நிலத்தில் ஒரு சொட்டு சிந்தவில்லை, சர்வே கல்லோடு நின்றது. வெள்ளைக் கப்பல் வந்து ஏணி இறக்கியது. ஊறுகாய் ஜாடி உடைந்துவிடப் போகிறது என்ற ஒரே கவலையோடு வேம்பு ஏறிப் போனாள்.

ஒடெசாவில் முதல் வருடம் அந்த ஊர்ப் பாஷை, அப்புறம் ஆறு வருடம் வைத்தியம். 80இல் அரசாங்கம் கர்ணம் பதவியையே எடுத்துவிட்டது. கடலை எடுப்பதாக மட்டும் யாருக்கும் உத்தரவு வரவில்லை. பஸ் கண்டக்டர்கள் துறைமுகம் எறங்கு என்று கூப்பிடப் பழகினார்கள். மீன்சுருட்டியிலிருந்து ஆட்கள் வந்து வலை வீசினார்கள். 85 ஆனியில் அதே கப்பலில் டாக்டர் வேம்பு வந்து இறங்கி, இங்கே எழுத வேண்டிய பரீட்சையையும் எழுதித் தேறி, கரையோரம் ஓட்டு வீட்டில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினாள். கல் வெட்டுபவர்களின் இருமலுக்கு அவளிடம் தனி நோட்டு இருந்தது. அதில் முதல் பெயர் ராசாங்கம்.

ஓய்வு பெற்ற குருநாதன் ஒருநாள் முழங்கால் வலி என்று வந்தார். வேட்டியை விலக்கினால் இரண்டு கால்களிலும் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புக்கோடு. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை என்றார். அது போகாது, வலி போகும் என்று டாக்டர் மருந்து எழுதினாள். மூன்று வேளை என்று எழுதி, அடித்து, இரண்டு வேளை என்று மாற்றினாள். சீட்டைக் கையில் வாங்கிய குருநாதன் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, அடித்த இடத்தில் விரலை வைத்து அவளிடமே திருப்பி நீட்டினார். அவள் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடற்கரை வழியாக நடந்து பஸ்ஸுக்குப் போனார்.