ஐந்து மண்டபங்களும் ஒரு சனிக்கிழமையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. செவ்வாய்தோறும் மாலை ஆறரைக்கு எங்கள் வேதபாடக் குழு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கூடுகிறது. அந்தக் கடைக்காரரை நாறடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. அவருக்கு நான் வைத்த பெயர் 'ஆழம்'. எந்த வசனத்தைக் கொடுத்தாலும், "இது மேலோட்டமான அர்த்தம். இன்னும் ஆழமா போங்க" என்பார்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'கண்ணாடிக் கடைக்குள் பார்வை கெட்ட ஏழு பேர் உட்கார்ந்து —'

(மலிவான கிண்டல். அடித்துவிட்டேன். ஆனாலும் நீங்கள் படித்துவிட்டீர்கள், அது போதும்.)

2

அன்றைய பைபிள் பகுதி, முப்பத்தெட்டு வருடமாக நோயில் விழுந்து குளத்தங்கரையில் காத்துக் கிடந்தவரின் கதை. தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவருக்குச் சுகம். இவரை இறக்கிவிட ஆள் இல்லை. எங்களுக்கு அது போதவில்லை. குளத்தைச் சுற்றி ஐந்து மண்டபம் என்றிருக்கிறதே, ஏன் ஐந்து? ஆழம் அதில் முக்கால் மணி நேரம் முத்துக்குளித்தார். நாலு நிறப் பேனாவோடு வரும் கணக்கு டீச்சர் முப்பத்தெட்டை இரண்டால் வகுத்து, பத்தொன்பதுக்கு அர்த்தம் கிடைக்காமல் தவித்தார்.

(இதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.)

அப்போது தையல்காரம்மா வாயைத் திறந்தார். இரண்டு வருடமாக வந்தும் ஒரு வார்த்தை பேசாதவர். அவர் கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

"அந்தாளு, தூக்கிவிட ஆள் இல்லன்னுதானே சொல்றாரு? எனக்கும் அதான். கூட இருந்த கொழுந்தனார் வேலைக்கு வெளியூர் போயிட்டாரு. சனிக்கிழமை காலையில ரெண்டு பேர் வந்தா, இவரைத் தூக்கி நாற்காலியில வச்சுக் குளிப்பாட்டிடுவேன்."

ஆழம் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல பகிர்வு, சிஸ்டர். ஆனா அது மேலோட்டமான அர்த்தம்."

பிறகு அவருக்காகப் பதினோரு நிமிடம் ஜெபித்தோம். யாரும் சனிக்கிழமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும்தான்.

3

முதல் வரைவில் தையல்காரம்மாவை அழவைத்திருந்தேன். நிஜத்தில் அவர் அழவில்லை. கடையில் நூல்கண்டு கேட்பதுபோலக் கேட்டார். கண்ணீர் இருந்தால் நீங்கள் நெகிழ்வீர்கள், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும் என்று பார்த்தேன். 'அவர் குரல் அந்தக் குளத்தைப்போலக் கலங்கி —' வேண்டாம், விடுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இந்த வரியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பின்னால் நின்று எட்டிப் படித்தாள்.

"அந்தம்மா வீட்டுக்கு யார் போறா?"

"இன்னும் முடிவு பண்ணல. யாரும் போகலன்னா கதை நல்லா நிக்கும்."

"நான் கதையைக் கேக்கல."

4

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கையில் குறிப்பேடு இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். யாரும் வராத அந்த அறையைப் பார்த்து நாலு வரி எழுதிக்கொள்ளலாம் என்ற ஆசை.

ஆழம் அங்கே இருந்தார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, பெயின்டரின் கால்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். தலைப் பக்கம் பிடிக்க இன்னோர் ஆள் வராததால் அங்கே தையல்காரம்மா. மூச்சு வாங்கியபோதும் ஆழத்தின் வாய் ஓயவில்லை.

"தண்ணிக்கு மூணு அர்த்தம் உண்டு, பிரதர்..."

"மொதல்ல என்னை இறக்கிவிடுங்கய்யா" என்றார் பெயின்டர், அந்தரத்தில்.

(ஆழம் திருந்திவிட்டதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவர் திருந்தவில்லை. அடுத்த செவ்வாயன்று அந்த மூன்று அர்த்தங்களையும் எங்கள் தலையில் கொட்டினார். தூக்கப் போனதைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. என் கதையை இப்படிக் கெடுத்த மனிதரை நான் மன்னிப்பதாக இல்லை.)

பெயின்டர் தலையைத் திருப்பி, வாசலில் குறிப்பேடும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க தூக்க வந்தீங்களா, பாக்க வந்தீங்களா?"

என் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவனாகவே வருகிறேன், ஒன்றையும் நம்பாதீர்கள். முடிவு வேண்டுமென்றால் வாசலில் என் இடத்தில் நீங்களே நின்றுகொள்ளுங்கள். பெயின்டர் உங்களைத்தான் பார்க்கிறார். தையல்காரம்மாவுக்குக் கை நழுவுகிறது.