ஊர்சல் உட்கார்ந்த இடம்

1.

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் பல்கலைக்கழக நூலகத்தில், வேறு எதையோ தேடப் போனபோது பார்த்தேன். வெள்ளை வெளியில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ஒன்றும் இல்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி: இந்த இடத்தில், பனிக்குள், ஒரு கடல்நாய் இருக்கிறது.

நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எனக்கு அது வழக்கமில்லை.

பிறகு எழுதத் தொடங்கினேன்.

"ஆர்க்டிக்கின் முடிவற்ற வெண்மையில், காற்று ஒரு

(இல்லை. நான் ஆர்க்டிக்கைக் கண்டதில்லை. காற்று ஒரு என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியாது.)

"வளையக் கடல்நாய் வடதுருவக் கடல்களில் வாழும் ஒரு பாலூட்டி ஆகும்."

(இது பரீட்சை விடை. ஆனால் இது இல்லாமல் உங்களுக்குக் கதை விளங்காது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.)

வடக்கே குளிர்காலத்தில் கடல் உறைகிறது. எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் அந்த உறைந்த கடலின்மேல் வீதி போடுகின்றன. பனியை வழித்து ஒதுக்கி, கீழேயிருந்து கடல்நீரை இறைத்து ஊற்றி, உறையவிட்டு, மறுபடி ஊற்றி, லொறி ஓடும் தடிப்புக்குக் கொண்டுவருகிறார்கள். கடல்நாய் அதே பனிக்கட்டியில் நகத்தால் பிறாண்டி, மூச்சுவிட ஒரு துளை வைத்திருக்கும். துளைக்கு மேலே, குவிந்த பனிக்குள், ஒரு சின்ன அறை குடைந்துகொள்ளும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் அந்த அறையில்தான் குட்டி போடும். வெளியேயிருந்து பார்த்தால் வெறும் பனி. வழிக்கும் இயந்திரத்துக்கும் வெறும் பனிதான்.

நாய்க்கு மட்டும் மணக்கும்.

2.

கதைக்கு ஒரு பெண் வேண்டும். யூலியா என்று பெயர் வைத்தேன். எங்கள் ஊர்ப் பெண்தான். உயிரியல் படித்தவள். பக்கத்து நகரமான எசனில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். நிறுவனம் அப்படியொரு பனிக்கட்டி வீதிக்குத் திட்டம் போடுகிறது.

முதல் வரைவில் யூலியா கூட்டத்தின் நடுவே எழுந்து, மேசையில் அடித்து, "இந்த வீதியை நிறுத்துங்கள்!" என்றாள்.

நான் ஊர்த் தோழன் யோசப்பின் அக்காவின் வீட்டில் ஓர் அறை எடுத்து இருக்கிறேன். அக்கா மன்னார்க்காரி. பாண் சுடும் வெதுப்பகத்தில் வேலை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். நான் சமையலறை மேசையில் எழுதுவதால், உள்ளி உரித்துக்கொண்டே தாளை எட்டிப் பார்ப்பார்.

"உவள் ஆரடி?"

"யூலியா. கதாநாயகி."

"வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே மேசையில அடிக்கிறாள்?"

"ஓம்."

"நீ பாண் கடையில 'பிற்றே' எண்டு ஜெர்மன்ல தயவாய்ச் சொன்னால் எனக்கே கேக்காது. உவளைப் பிடிச்சு மேசையில ஏத்திப்போட்டாய்."

மேசையை அழித்தேன். இப்போது யூலியா அலுவலக நடைக்கூடத்தில் ஹெர் ஹோல்ட்காம்ப்பைத் தற்செயலாகச் சந்தித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள்: "நாய் கண்டுபிடிக்கும்."

ஹோல்ட்காம்ப்தான் வீதியின் தடத்தை வரைபவர். நல்ல மனிதர். [முன்பு கெட்டவராக இருந்தார். நிறையச் சிகரெட் பிடித்தார். அப்படியென்றால் கதை சுலபமாகிவிடுகிறது. நல்ல மனிதர் ஒருவர் நேர்கோடு ஒன்றை ஆசையாக வரைந்து வைத்திருந்தால்தான் கஷ்டம்.]

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நாயைப் பழக்குங்கள். நான் இங்கே சோதிப்பேன். தேறினால் வடக்கே கூட்டிப்போவோம், அது காட்டும் இடத்தில் வீதியை வளைப்பேன். தேறாவிட்டால் வீதி நேராகப் போகும்."

3.

நாய் விலங்குக் காப்பகத்திலிருந்து வந்தது. பெயர் ஊர்சல். ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு வைக்கும் பெயர். ஆனால் அவர்கள் வைத்ததை நான் மாற்றவில்லை.

மணத்துக்கு, மிருகக்காட்சிச்சாலை ஒன்றில் வளையக் கடல்நாய் படுத்த துவாய்கள் கிடைத்தன. மணம் போகாமலிருக்கத் துவாய்களைக் குளிரில் வைக்க வேண்டும். யூலியாவின் குளிர்சாதனப்பெட்டியில் இரண்டு தயிர்க் கோப்பைக்குத்தான் இடம். ஆகவே அவள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரின் ஃப்ரீசரில் வைத்தாள்.

"உது என்ர ஃப்ரீசரெல்லோ?" என்றார் யோசப்பின் அக்கா.

"ஓம் அக்கா."

"அப்ப என்னையும் போடு. பெயர் மாத்தவேண்டாம். வயசைக் கொஞ்சம் குறை."

குறைத்தேன். இனி அக்கா இரண்டு இடத்தில் இருக்கிறார்: என் மேசைக்குப் பக்கத்திலும் கதைக்குள்ளும். கதைக்குள் இருப்பவர் கொஞ்சம் மெலிவு.

எசனில் பனி கொட்டியது. [எசனில் இவ்வளவு பனி விழுவதில்லை. நான் விழுத்தினேன்.] விளையாட்டு மைதானத்தில் துவாயைப் பெட்டியில் போட்டுப் புதைப்பாள் யூலியா. ஊர்சல் மோந்துகொண்டு போய், சரியான இடத்தில் உட்காரும். உட்கார்ந்தால் பந்து கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கிடைத்தது. "ஊர்சல் சோதனையில் தேறியது" என்று எழுதி, அடுத்த பக்கத்துக்குப் போக இருந்தேன்.

அப்போது கதைக்குள் இருக்கும் அக்கா, டோர்ட்மண்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழியில், பையோடு மைதானத்துக்கு வந்தார். நான் வரச்சொல்லவில்லை. சும்மா எட்டிப் பார்க்க வந்தார்.

ஊர்சல் தலையைத் தூக்கியது. புதைத்த பெட்டியை விட்டுவிட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடியது. பைக்கு முன்னால் போய், மிக ஒழுங்காக, உட்கார்ந்தது.

"ஐயோ பிள்ளை, உதைப் பிடி! கடிக்கப்போகுது!"

"கடிக்காது அக்கா. அது கண்டுபிடிச்சிட்டுது."

"எதை?"

"கடல்நாயை."

"விசரே? இது பாரைக் கருவாடு!"

அக்கா கருவாட்டை ஃப்ரீசரில்தான் வைப்பார். வெளியே வைத்தால் மேல்வீட்டு ஜெர்மன் அம்மா மாடிப்படியில் இறங்கிவந்து மூக்கைப் பொத்திக் காட்டுவார். துவாய்கள் இத்தனை வாரமும் கருவாட்டோடு ஒட்டிக் கிடந்திருக்கின்றன. ஊர்சல் படித்ததெல்லாம் மன்னார்க் கருவாடு. இதே நாய் வடக்கே போயிருந்தால் உறைந்த கடல் முழுக்க மோந்துவிட்டு எங்கேயும் உட்கார்ந்திருக்காது. கருவாடு அங்கே இல்லை. வீதி எல்லா அறைகளின் மேலாலும் நேராகப் போயிருக்கும்.

யூலியா பனியில் அப்படியே இருந்து அழு

(இல்லை. சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பந்தை ஊர்சலிடம் எறிந்தாள். நாய் பாடத்தைச் சரியாகத்தான் செய்திருந்தது.)

மேசைக்குப் பக்கத்திலிருந்த அக்கா சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டார்.

"அப்ப என்ர கருவாட்டாலயோ குட்டி சாகப்போகுது?"

"சாகாது அக்கா. திருப்பிப் பழக்கலாம்."

"எழுது பாப்பம். நான் இருந்து பாக்கிறன்."

4.

புதிய துவாய்கள் வந்தன. யூலியா அவற்றை ஒரு தகரப்பெட்டியில் மூடித் தன் பல்கனியில் வைத்தாள்.* கருவாட்டையும் விடவில்லை. இப்போது மைதானத்தில் இரண்டும் புதைக்கப்பட்டன. துவாயில் உட்கார்ந்தால் பந்து. கருவாட்டில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை.

* பல்கனியில் அந்தக் குளிர்காலம் முழுவதும் உறைநிலை. இதையும் நான்தான் செய்தேன்.

கருவாட்டைப் புதைக்கும் வேலையைக் கதைக்குள் இருந்த அக்கா பிடுங்கிக்கொண்டார். வேலை முடிந்து நேரே மைதானத்துக்கு வருவார். நாளுக்கு நாள் இரக்கம் குறைந்தது.

"பாரையில ஏமாறேல்லை என்ன? நாளைக்கு நெத்தலி."

நெத்தலியில் ஏமாந்தது. இரண்டு முறை. மூன்றாம் முறை நின்று, யோசித்து, விலகி, துவாயில் போய் உட்கார்ந்தது. யூலியா துள்ளினாள். அக்காவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

"மன்னார்க் கருவாட்டைத் திரும்பியும் பாக்கேல்லை. என்ன நாயடி இது?"

சோதனை நாளில் ஹோல்ட்காம்ப் தானே பெட்டியைப் புதைத்தார். பிறகு ஹெரிங் மீன் வைத்த பாண் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். ஊர்சல் அவரைத் தாண்டிப் போனது. மீனையும் தாண்டிப் போனது. உட்கார்ந்தது. அவர் மண்வெட்டியால் தோண்டினார். துவாய் இருந்தது.

"பெப்ரவரியில் போகிறோம்," என்றார், வாய் நிறையப் பாணோடு.

5.

[யூலியாவுக்கும் என்னைப் போலவே அகதிகளுக்கான நீலப் பயணப் புத்தகம். வடக்கே போக எத்தனை அலுவலகங்களில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதினால் இந்தக் கதை அலுவலகத்தைவிட்டு வெளியே வராது. ஆகவே அனுமதி கிடைத்துவிட்டது.]

உறைந்த கடல். இதற்குமேல் வர்ணிக்கமாட்டேன். நேர்கோட்டில் சிவப்புக் கொடிகள் நட்டிருக்கின்றன. நாளை அந்தக் கோட்டில் பனியை வழிப்பார்கள். ஊர்சல் காற்றுக்கு எதிராக முன்னே போகிறது. பின்னால் யூலியா, அவளுக்குப் பின்னால் ஹோல்ட்காம்ப். இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வேலைக்காரர்கள் தேநீர் குடிக்கிறார்கள்.

ஒரு கொடிக்குப் பக்கத்தில் ஊர்சல் உட்கார்ந்தது.

யூலியா உடனே அதைத் திருப்பிக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்தாள். ஹோல்ட்காம்ப் வந்து பார்த்தார். வெறும் பனி.

"இங்கேயா?"

"ஓம்."

அவர் மண்வெட்டியை எடுத்தார். "எசனில் தோண்டித்தானே பார்த்தோம். ஒரு சின்னத் துளை."

யூலியா அவரை

யூலியா மெதுவாக

(இந்த இடத்தில் நிறைய நேரம் இருந்தேன். அவள் கூச்சக்காரி. மேசை ஒன்றும் கிட்ட இல்லை.)

யூலியா அவருக்கும் அந்தப் பனிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நைன்," என்றாள், கூடாது என்று.

அவருக்குக் கேட்டது. வேலைக்காரர்களுக்கும் கேட்டது.

"கூரையை உடைத்தால் குளிர் உள்ளே போகும். தாய் விட்டுவிட்டுப் போய்விடும். குட்டி பிறக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை."

"தோண்டாமல் எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றாள் யூலியா.

6.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. ஹோல்ட்காம்ப் தோண்டுகிறார். உள்ளே ஒன்றும் இல்லை. வீதி நேராகப் போகிறது.

ஆ. ஹோல்ட்காம்ப் தோண்டுகிறார். உள்ளே, ஈரக் கண்களோடு, கடல்நாய் அவரைப் பார்க்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். கூரை உடைந்து கிடக்கிறது.

"இதென்ன முடிவு?" என்றார் அக்கா. "எனக்குக் குட்டியைக் காட்டு."

"குட்டி மார்ச்சிலதான் அக்கா."

"எசனில பனி விழுத்தினனி. மார்ச்சை முன்னுக்குக் கொண்டுவர ஏலாதோ?"

முயன்றேன். மண்வெட்டி இல்லாமல், ஒரு வாக்கியத்தால் மட்டும் உள்ளே போகலாம் என்று நினைத்தேன். "பனிக்குக் கீழே, இருட்டில், ஒரு

நிறுத்திவிட்டேன். இதுவும் தோண்டுவதுதான். ஹோல்ட்காம்ப்பைத் தடுத்துவிட்டு நான் மட்டும் எப்படி எட்டிப் பார்ப்பது? ஆகவே கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. நாய் உட்கார்ந்தது என்பது மட்டும் தெரியும்.

அக்கா ஓர் உள்ளிப் பல்லை எடுத்து உரித்தார். "சரி," என்றார். "அது படுக்கட்டும்."

இ. ஹோல்ட்காம்ப் மண்வெட்டியைக் கீழே வைக்கிறார். தன் நேர்கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை பார்க்கிறார். பிறகு கொடியைப் பிடுங்குகிறார்.

"எவ்வளவு தூரம் தள்ளி நடுவது?"

யூலியா நடக்கத் தொடங்குகிறாள். ஊர்சல் வாயில் பந்தோடு கூடவே ஓடுகிறது. ஹோல்ட்காம்ப் கொடியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வருகிறார். "போதுமா?" என்று கேட்கிறார். யூலியா தலையாட்டுகிறாள், போதாது என்று. அவர் முணுமுணுக்கிறார், ஆனால் வருகிறார்.

எங்கே நிற்பது என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் தாராளமாகச் சொல்லுங்கள். அக்காவிடம் முதலில் கேட்டேன். "ரோட்டை டோர்ட்மண்டுக்காலை விடு" என்கிறார்.

உங்களுக்கு அவசரமில்லை. நீங்கள் "போதும்" என்று சொல்லும்வரை அவர்கள் நடப்பார்கள்.