டப்பா என்னிடம், கேசட் அவனிடம்

தெய்வசிகாமணியைத் திருடன் என்று நான் கோபத்தில் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் நிதானமாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தொண்ணூற்றிரண்டில் என் வீட்டிலிருந்து ஒரு கேசட்டை வாங்கிக்கொண்டு போனான். சினிமாப் பாட்டுக் கேசட். படம் நாலே நாள்தான் ஓடியது. ஐந்தாம் நாள் அந்தப் போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஆனால் பாட்டு ஆறும் ஆறு முத்து. கேசட் போட்ட கம்பெனியும் படத்தோடு சேர்ந்து மூழ்கிவிட்டதால் அப்புறம் எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. பாண்டிச்சேரி முழுக்க அந்த ஒரிஜினல் என் ஒருத்தனிடம்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல ஆள் வரட்டும், பார்க்கலாம்.

கேசட் இரவல் கொடுப்பதற்கு எங்கள் நெல்லித்தோப்பில் ஒரு முறை உண்டு. உள்ளே இருக்கிற கேசட்டை மட்டும் கொடுப்போம். டப்பா வீட்டு அலமாரியிலேயே நிற்கும். காலி டப்பா கண்ணில் படும்போதெல்லாம், இது இன்னாரிடம் போயிருக்கிறது என்ற ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் கொடுத்தேன். கொடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வச்சிக்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

நான் சொன்னது, கேட்டு முடிக்கிற வரைக்கும் வைத்துக்கொள் என்கிற வச்சிக்க. அவன் காதில் விழுந்தது, உனக்கே உனக்கு என்கிற வச்சிக்க. ஒரு மாசம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது, "நீதானடா வச்சிக்கன்னு சொன்ன" என்றான். ரெக்கார்டிங் சென்டரில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு ஒரிஜினலைக் கொடு என்றேன். காப்பியை நீ எடுத்துக்கொள் என்றான். டப்பா இல்லாத கேசட் அவனிடம், கேசட் இல்லாத டப்பா என்னிடம். இப்படியே வருஷக்கணக்கில் இழுத்தான். அவன் மனைவி தவறிய அடுத்த வருஷம், போகிக்கு மறுநாள், புதுசாக ஒன்று சொன்னான். டேப் சிக்கி அறுந்துபோய்விட்டதாம், பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்திவிட்டானாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் நம்பவில்லை. ஞாயிறுதோறும் கறி வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். வழியில் அவன் வீட்டில் உட்கார்ந்து, எங்கே என் கேசட் என்று கேட்பேன். கொளுத்தியாச்சு என்பான். டீ போட்டுக் கொடுப்பான். தட்டாஞ்சாவடியில் எங்கள் பட்டறை முதலாளியை நான் திட்டுவேன், சேதராப்பட்டில் அவன் கம்பெனி சூப்பர்வைசரை அவன் திட்டுவான். பையன் இனியவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் அவன் ஒண்டிதான். டீயில் சர்க்கரை எப்போதும் கூடத்தான் இருக்கும். பன்னிரண்டு மணிக்குக் கறியோடு வீட்டுக்குப் போனால் என் மனைவி தனக்கொடி கரண்டியோடு நிற்பாள். கொளுத்திப்போட்ட கேசட்டைக் கேட்டு எதற்கு வாராவாரம் போகிறாய் என்பாள். பொய் சொல்கிறவன் முகத்தை வாரம் ஒரு தடவையாவது பார்த்தால்தானே பொய் என்று உறுதியாகும்? இது அவளுக்குப் புரியாது.

போன மாசம், அதாவது இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்டில், என் மகள் சிந்துஜா பிரௌசிங் சென்டரிலிருந்து ஒரு சிடி கொண்டுவந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அப்பா என்று சொல்லிவிட்டு டிவிடி பிளேயரில் போட்டாள். என் பாட்டு! அதே படம், ஆறு பாட்டும், டவுன்லோடு செய்திருக்கிறாள். என்ன, ஆங்கில எழுத்து வரிசையில் வந்து நின்றது. ஏ பக்கத்துக் கடைசிப் பாட்டு முதலில் ஓடியது. மோர் சோறு சாப்பிட்ட பிறகு சாம்பார் ஊற்றின மாதிரி இருந்தது. ஆனாலும் பெண் ஆசையாகச் செய்தது, வாயைத் திறக்கவில்லை. இனிமேல் அந்தக் காலி டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம் இல்லையா என்று கேட்டாள் பாருங்கள், அப்போதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்றேன்.

மூன்றாவதாக டூயட் வந்தது. கதாநாயகன் பாடி முடித்து, புல்லாங்குழல் ஓய்ந்து, கதாநாயகி ஆரம்பிக்கிற இடம். அங்கே 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல்.

"யோவ், பால் பொங்குதுய்யா. அந்தப் பொட்டிய நிறுத்திட்டு வந்து தொல."

மறுபடியும் 'டக்'. கதாநாயகி பாதிச் சொல்லிலிருந்து பாட ஆரம்பித்தாள்.

யார்டி இது, இந்தக் கத்து கத்துறா என்று தனக்கொடி கேட்டாள். தன் குரல் அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் வாங்கினேன். ஒழுங்காகப் பதிவு செய்கிறதா என்று பார்க்க, கைக்குக் கிடைத்த கேசட்டின் முதுகு ஓட்டையில், அடைத்தால்தான் பதிவாகும் என்று காகிதத்தைத் திணித்து ரெக்கார்டு பட்டனை அமுக்கினேன். கைக்குக் கிடைத்தது அந்தக் கேசட். புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். ஐந்து விநாடியில் நிறுத்திவிட்டேன். அந்த ஐந்து விநாடியில்தான் அடுப்படியிலிருந்து அவள் கத்தினாள்.

உலகத்தில் வேறு எந்தக் கேசட்டிலும் என் வீட்டுப் பால் பொங்கியிருக்க முடியாது. அப்படியானால் என் கேசட் எரியவில்லை. உயிரோடு இருக்கிறது. சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். அந்தத் திருடனை நினைத்ததும் காலி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பாட்டை இணையத்தில் ஏற்றினவர் பெயர் இனியவன் என்று போட்டிருந்ததாம். எத்தனையோ இனியவன் என்று சிந்துஜா விட்டுவிட்டாளாம். இரண்டாயிரம் பேருக்கு மேல் இறக்கிக் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா யார், பால் என்ன ஆயிற்று என்று சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர் எழுதிக் கேட்டிருக்கிறார். அது தன் குரல்தான் என்று தெரிந்ததும் தனக்கொடிக்கு முதலில் மானம் போயிற்று. சிங்கப்பூர் என்று காதில் விழுந்ததும் திரும்பி வந்தது. பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சுன்னு எழுதுடி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கையில் கறிப்பை, ஒரு கையில் காலி டப்பா. தனக்கொடியும் கூடவே வந்தாள். தெய்வசிகாமணி கதவைத் திறந்ததும் டப்பாவை நீட்டி, "பால் பொங்குதுய்யா" என்றேன்.

எந்தப் பால் என்று சமாளிக்கப் பார்த்தான். தனக்கொடி அதே ராகத்தில், அதே குரலில் ஒரு தடவை சொல்லிக் காட்டினாள். பதினைந்து வருஷமாக அந்த டேப்பில் கேட்ட குரல் இல்லையா? ஆள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் உள்ளே போய், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தான். என் கேசட். மேலே இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. டேப் நைந்துகொண்டே வருகிறதே, கம்ப்யூட்டரில் ஏற்றி வை என்று பையனிடம் கொடுத்தானாம். பையன் ஊருக்கே ஏற்றிவிட்டான்.

"அப்ப கொளுத்திட்டேன்னு ஏன்டா சொன்ன?"

அவன் டீ டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இருக்குன்னு சொன்னா நீ புடுங்கினு போயிடுவ. போயிட்டா அப்புறம் ஞாயித்துக்கெழமை இங்க எதுக்கு வரப்போற?"

கேசட்டை டப்பாவில் வைத்து மூடினேன். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு 'க்ளிக்' என்று மூடியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு. அவன் அந்த ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நல்ல கறி தீர்ந்துவிடும், கிளம்பு என்றாள் தனக்கொடி. இனிமேல் நேராகக் கறிக்கடை, நேராக வீடு என்றும் சொன்னாள். வாசல் வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்து டப்பாவைத் திறந்தேன். கேசட்டை எடுத்து அவன் டம்ளர் பக்கத்தில் வைத்தேன். காலி டப்பாவைக் கறிப்பையில் போட்டுக்கொண்டேன்.

"வச்சிக்க" என்றேன்.

அவன் துடைக்கிறதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "எந்த வச்சிக்க?"

"அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து சொல்றேன்டா, திருட்டுப் பயலே" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.