உப்பின் மஞ்சள்

சின்னப்பாப்பா வகுப்புக்குள் வந்தபோது ஒரு கையில் மீன்கூடை, மறு கையில் பொட்டலம். நேராக மூன்றாவது பெஞ்சுக்குப் போய், கூடையை இறக்கிவைத்து, மகள் அஞ்சலாட்சியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எழுந்திரு. படிச்சது போதும்."

1984. முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு. நான் அறிவியல் ஆசிரியர்.

"என்னம்மா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? ஒரே பொருளு ஒரே நேரத்துல ரெண்டு வாசல்லயும் பூருதாமே. பாத்தா மட்டும் ஒண்ணுல இருக்குதாமே. ரெண்டு நாளா இத்தயே சொல்லுது. பேய் இல்லாம வேற இன்னா?" குரலைத் தாழ்த்தினாள். "உங்க ஊட்டம்மா போயி எட்டு மாசம். உங்க மேல இன்னா நிக்குதோ. எம்பொண்ணுக்கு வேணாம் சார்."

இரண்டு வாசலிலும் புகும் எலக்ட்ரானைப் பற்றிச் சொன்னது நான்தான். பாடப்புத்தகத்தில் இல்லை. பிள்ளைகளுக்குப் புரியும் என்று தெரிந்தது, சொன்னேன்.

பொட்டலத்தில் கல்லுப்பும் மிளகாயும். திருஷ்டி கழித்துவிட்டுத்தான் மகளைக் கூட்டிப்போவாளாம். பொட்டலத்தால் அவள் தலையை மூன்று முறை சுற்றினாள். மேஜைமேல் பம்ப் ஸ்டவ் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி சுலோசனாவின் ஸ்டவ். வீட்டில் அதற்கு வேலை இல்லை. தண்ணீர் கொதிப்பதைக் காட்டக் கொண்டுவந்திருந்தேன்.

"மிளகாய் வேணாம்மா. நாப்பது பிள்ளைங்க இருமும். உப்பை மட்டும் போடுங்க."

போட்டாள். படபடவென்று வெடித்தது. நீலச் சுடர் முழுக்க மஞ்சளானது.

"பீச் ரோடு லைட்டு மாதிரியே!" என்று கத்தினாள் முன் பெஞ்சிலிருந்த ரஞ்சிதம்.

சின்னப்பாப்பா ஓரடி பின்வாங்கினாள். "பாத்தீங்களா? எங்க அடுப்புல ஒரு நாளும் இப்டி ஆனதில்ல."

"விறகு நெருப்பே மஞ்சள். அதுல தெரியாது. அஞ்சலாட்சி, நீ சொல்லு."

அவள் எழுந்தாள். "ம்மா, மாடிப்படியில மூணாவதுல நிக்கலாம், நாலாவதுல நிக்கலாம். மூணரையில நிக்க முடியுமா?"

"இன்னாடி கேள்வி இது?"

"முடியாதில்ல? எலக்ட்ரானும் அப்டித்தான். சூட்டுல மேல்படிக்கு ஏறும். இறங்கறப்போ வெளிச்சத்த உட்டுட்டு இறங்கும். உப்புல சோடியம் இருக்குது. அதோட படிக்கு இந்த மஞ்சள்தான். பேயின்னா எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? இது போடறப்பல்லாம் வரும்."

கடைசி இரண்டு வாக்கியங்களும் நான் சொல்லிக்கொடுத்தவை அல்ல.

"போடறப்பல்லாமா?" சின்னப்பாப்பா கூடையின் அடியைச் சுரண்டினாள். "இது கருவாட்டு உப்பு." போட்டாள். மஞ்சள். கழுத்து வியர்வையை விரலால் வழித்துச் சுடரில் உதறினாள். மஞ்சள் பொறி.

"எதுல இருந்தாலும் இதானா?"

"உப்பு இருந்தா இதான். இங்கயும், காரைக்கால்லயும், பாரிசுலயும்," என்றேன்.

"அப்ப அந்த ரெண்டு வாசலு?"

"அதுவும் பேய் இல்ல. சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க. ஏன் அப்படின்னு எனக்கு முழுசாத் தெரியாது. இவ கண்டுபிடிப்பா."

சின்னப்பாப்பா பையைக் கழற்றி மகளின் பெஞ்சில் வைத்தாள். பொட்டலத்தில் ஒரு பிடி உப்பு மீதமிருந்தது.

"அப்டியே நில்லுங்க சார். உங்களுக்கு ஒருத்தரும் சுத்திப் போட்டிருக்க மாட்டாங்க."

நின்றேன். மூன்று சுற்று. ஸ்டவ்வின் பக்கம் கையை நீட்டினாள்.

உப்பு விழும் முன்பே நாற்பது பேரும் "மஞ்சள்!" என்று கத்தினார்கள்.

அப்படியேதான் எரிந்தது.