முதற்கதிர் காத்திருந்த நாழிகை

தைத்திங்களின் இளவெயில் உத்திரமேரூர்ப் பேரேரியின் நீர்ப்பரப்பில் படர்ந்து, கரையோரப் பனைகளின் உச்சியைத் தொட்டு, கண்ணுக்கெட்டிய மட்டும் தலைசாய்த்து நின்ற சம்பா வயல்களையெல்லாம் பொன்னாக்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அது. கரைக்குக் கீழிருந்த சிற்றூரின் ஆலயத்திலோ, மணி முழங்க, மேளம் அதிர, மாவிலைத் தோரணத்தின்கீழ் மக்கள் நெருக்கியடித்து நிற்க, அறுப்புப் பெருநாள் களைகட்டிவிட்டிருந்தது. அன்பரே, அந்த ஆரவாரத்துக்குள் நாமும் நுழைவோம். நமக்கும் ஓர் இலை கிடைக்காமலா போகும்!

அவ்வூர்ச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவ்வாண்டு முதலில் விளைந்த வயலுக்குரியவன் புத்தாடை உடுத்து, மாலை சூடி, முதற்கதிர்க் கட்டைத் தலைமேல் சுமந்து பீடத்தின்முன் வருவான். ஆயர் அவனை நோக்கி, "உனக்கும் உன் உடன்பிறந்தாருக்கும் ஒப்புரவு உண்டோ?" என்று கேட்பார். "உண்டு" என்று சொல்லி அவன் கட்டை வைத்த பின்னரே ஏனையோர் தத்தம் காணிக்கையைப் படைப்பர். அதன் பின்னரே பந்தி. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் இட்ட கட்டளையின் வழிவந்த கேள்வி அது. ஆயினும் ஆண்டாண்டாய்க் கேட்டுக் கேட்டு, அதற்கு விடை சொல்வது, தும்மினவுடன் 'நூறு' என்பதுபோல எளிதாகிவிட்டிருந்தது.

இவ்வாண்டு அந்தப் பெருமை ஆல்வினுக்கு வாய்த்தது. தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடியில் பிறந்தவன், முதன்முறையாகக் குத்தகைக்கு எடுத்த அரைக்காணியில் விளைவித்த நெல் அது. அடுத்த அரைக்காணியை எடுத்தவன் அவன் தம்பி விஜய்; இரண்டுக்கும் நடுவே ஒரே வரப்பு. புரட்டாசியில் மழை பொய்த்தபோது, பாய்ச்சிய நீரெல்லாம் ஆல்வினின் வயலில் வற்றி, பள்ளத்திலிருந்த தம்பியின் வயலில் நிறைந்து நின்றது. பொங்கிய ஆல்வின், மதகடியில் ஊரார் பலர் பார்த்திருக்க, தம்பியைத் தண்ணீர்த் திருடன் என்றான். தம்பி மறுத்ததை ஒருவரும் நம்பவில்லை. மனம் வெறுத்த விஜய் வயலை வேறொருவரிடம் ஒப்படைத்தான். ஆலயம் வருவதையும் விட்டான். இனி இவ்வூரே வேண்டாமென்று, இன்று ஒன்பதரைப் பேருந்தில் செங்கற்பட்டுச் சென்று, அங்கிருந்து ஒசூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்படுகிறான்.

இனிக் கேளும். அன்று விடியலில் முதற்கதிர் அறுக்கையில் ஆல்வினின் கால் வரப்பில் புதைந்தது. குனிந்து பார்த்தால், தன் வயலிலிருந்து தம்பியின் வயலுக்கு வரப்பை ஊடுருவிச் சென்றது ஒரு நண்டு வளை! நீரைக் கொண்டுபோன திருடன் எவனென்று அவனுக்கு அக்கணமே விளங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தான், எவருமில்லை. குதிகாலால் சேற்றை மிதித்து வளையை மூடிவிட்டு, கட்டைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டான். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்றது நெஞ்சு. நாளை தம்பி இங்கிருக்கமாட்டான் என்பதும் அதே நெஞ்சுக்குத் தெரிந்தே இருந்தது.

மேளம் நின்றது. ஆயர் கேட்டார். ஆல்வினின் கண், தன் குதிகாலில் ஒட்டியிருந்த சேற்றில் பதிந்தது.

"உண்டுன்னு சொல்லேன்யா! இன்னா முழிச்சிக்கினு நிக்கிறே?" என்று மனைவி வளர்மதி பின்னிருந்து முணுமுணுத்தாள்.

ஆல்வின் கதிர்க்கட்டைப் பீடத்தின் படியோரம் இறக்கினான். "இல்லீங்க ஐயா. எந்தம்பி பஸ் ஏறப் போய்க்கினு கீறான். இத்த இங்கியே வெச்சிட்டுப் போயி வர்றேன்."

சோற்றுப் பானைகளின் பக்கம் சிலர் கவலையோடு திரும்பினர். ஆயரோ முகமெல்லாம் ஒளிர, "ஓடப்பா, ஓடு! சோறு ஆறினால் ஆறட்டும்!" என்றார்.

ஓடினான்! புதுவேட்டியை மடித்துக் கட்டி, கழுத்து மாலை பூப்பூவாய் உதிர, ஏரிக்கரை நெடுக ஓடினான். அவன் பின்னே சபையே ஓடிற்று, மேளக்காரர் மேளத்தோடு ஓடினர். அவன் சாலையை எட்டவும் பேருந்து புறப்படவும் சரியாயிருந்தது. குறுக்கே பாய்ந்து நின்றான்.

"யோவ்! வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று சீறினார் நடத்துநர்.

சன்னலோரம் இருந்த விஜய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆல்வின் அந்தச் சன்னலடிக்கு வந்து மூச்சிரைக்கக் கத்தினான்: "விஜய்! நீ திருடலடா! நண்டு வளைடா அது!"

"எப்போ பார்த்தே?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது! "விடிகாலையிலயே பார்த்தேன். இந்த மாலை போயிடுமேன்னு மிதிச்சி மூடிட்டேன்."

விஜயின் குரல் உடைந்தது. "அம்மாம் பேரு எதுர்ல என்னைத் திருடன்னியே ண்ணா."

"அதான் இம்மாம் பேரு எதுர்ல சொல்றேன். நீ திருடன் இல்ல, நான்தான் பொய்யன். என்னை மன்னிச்சிடுடா!"

விஜய் அண்ணனின் சேறுபடிந்த குதிகாலைப் பார்த்தான். பின், பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "வேலைக்கு நாளைக்குப் போய்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். மேளக்காரர் நடுச்சாலையிலேயே அடிக்கத் தொடங்கிவிட, நடத்துநரும் சீழ்க்கையை மறந்து சிரித்தார்.

திரும்பி வந்து கட்டைச் சுமந்து நின்றவனிடம் ஆயர் அதே கேள்வியைக் கேட்டார். ஆல்வின் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். அருகிலிருந்து விடை வந்தது.

"உண்டுங்க ஐயா" என்றான் விஜய்.

அன்பரே, நெல்லை விளைவித்தவரே ஆண்டவர். அதில் ஒரு கட்டு குறைந்தால் அவருக்கு என்ன குறைவு! அவர் சொல்லுக்கு அடங்கி ஒருவன் ஏரிக்கரையில் ஓடிய ஓட்டமே அன்று முதலில் பீடமேறிற்று. கதிர்க்கட்டு அதன்பின் ஏறிற்று. சோறு ஆறித்தான் போயிருந்தது. எவரும் குறை சொல்லவில்லை.