இடுப்பில் ஏறாத பிள்ளை

1969ஆம் ஆண்டு தை மாதம், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே இருந்த ஈயப் பட்டறைத் தராசில் கெங்கம்மாளின் மகன் கோபாலை வைத்தபோது நாற்பத்தொரு கிலோ காட்டியது. அவனுக்கு அப்போது ஒன்றரை வயது. கைகால்கள் குச்சியாக இருந்தன. ஈயம் ஏற்றும் தள்ளுவண்டியில்தான் அவனைக் கொண்டுவந்திருந்தார்கள். மேஸ்திரி அருணாச்சலம் சந்தேகப்பட்டு, அவனை இறக்கிவிட்டு எடை தெரிந்த ஓர் ஈயப் பாளத்தை வைத்துப் பார்த்தார். தராசு சரியாகவே இருந்தது.

"இன்னாம்மா கெங்கா, புள்ளைக்குச் சோறு போடுறியா, பாளத்தப் போடுறியா?" என்றார். கூட வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். மறுநாளும் வேலைக்கு வரவேண்டியிருந்ததால் கெங்கம்மாளும் சிரித்தாள்.

ஆரம்பாக்கத்தில் அவள் நாற்று நட்ட நிலத்தில்தான் பட்டறை எழுந்தது. பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, தகடுகளைக் கூடையில் அள்ளி உலைக்குச் சுமப்பது அவள் வேலை. பிரசவ வலி கண்ட அன்றும் மத்தியானம் வரை சுமந்தாள். பிள்ளைக்குத் தாய் உடுத்திய புடவையில்தான் தூளி கட்டவேண்டும். புதுத்துணி கண்ணேறு, துவைத்தால் தாய் வாசனை போய்விடும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் வேலைக்கு உடுத்திய, ஈயச் சாம்பல் படிந்த புடவையை அப்படியே கட்டினாள். கோபால் அதன் ஓரத்தைச் சப்பினால் உடனே அழுகையை நிறுத்துவான். ஒருநாள் அவளும் சப்பிப் பார்த்தாள். தித்தித்தது. தாய் வாசனையின் ருசி இதுதான் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் மாதம் தூளிக் கயிறு அறுந்தது. பதினான்காம் மாதத்துக்குப் பிறகு அவனை அவளால் தூக்க முடியவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து குனிவாள். அவன் கைகளை நீட்டுவான். பிறகு அவளே தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஒரே ஒரு தடவை அவனை இடுப்பில் வைத்துத் தெருமுனை வரை போய்வர வேண்டும் என்பதைத் தவிர அவள் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

1973க்குள் அந்தத் தெருவின் பதினான்கு பிள்ளைகளில் ஒன்பது பேர் கோபாலைப் போலவே கனத்துப்போயிருந்தார்கள். அவர்கள் நடந்து நடந்து தெரு ஒரு சாண் தாழ்ந்தது, மழைநீர் வடியவில்லை. கோழி கத்தினால் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். கிட்டே வந்தவர்களை அடித்தார்கள். ஐந்தரை வயதில் கோபாலுக்குப் பதினொரு சொற்கள் இருந்தன. ஆஸ்பத்திரியில் இரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஒரு பெஞ்சும் மறுநாள் இன்னொன்றும் உடைந்தன.

"வேற பெஞ்சுக்கு நான் மேல எழுதணும்மா," என்றார் வாத்தியார். "சொல்றதும் இவனுக்கு ஏறல. ஊட்லயே இருக்கட்டும்."

பட்டறை வேலையை விட்டுவிடலாமா என்று அன்று அவள் கணவன் பச்சையப்பனைக் கேட்டாள்.

"உட்டுட்டு? நட்றதுக்கு நெலம் எங்கக்கீது?" என்றான் அவன்.

1975இல் ஒரு பெண் பிறந்தது. மூத்ததைத் தாலாட்டிய தூளி இளையதற்கும் ஆகிவரும் என்று பக்கத்து வீட்டுச் சாராள், கெங்கம்மாளின் பெட்டியிலிருந்த அதே புடவையை எடுத்துக் கொடுத்தாள். இந்த முறை பச்சையப்பன் கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி மாட்டினான். குழந்தை புடவை ஓரத்தைச் சப்பி அழுகையை நிறுத்தியது. தரையில் தன் கனத்தால் விழுந்த பள்ளத்தில் உட்கார்ந்திருந்த கோபால் ஒற்றை விரலால் தூளியை ஆட்டினான்.

கெங்கம்மாள் விரல்விட்டு எண்ணினாள். இவளைத் தூக்குவதற்குப் பதினான்கு மாதம் இருந்தது. அதில் ஒரு நாளையும் வீணாக்குவதில்லை என்று, மறுவாரமே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.