பூட்டுக்கு ஆபரேஷன்

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கியபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. மகளைப் பள்ளியில் சேர்த்தபோதும் கேட்கவில்லை. நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யலாம் என்று நான் வாயைத் திறந்த அன்றைக்குத்தான் குடும்பமே கூடி உட்கார்ந்தது.

கூட்டியவர் என் கணவரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் தொழிலுக்கு அவர்தான் முதலாளி. எங்கள் வாய்க்கும் தானே முதலாளி என்று அவருக்கு ஒரு நினைப்பு. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் தொழில் எங்களுடையது. மாமா பேரம் பேசுவார், வேன் ஓட்டுவார், படிக்கட்டில் நின்று "இடது பக்கம், இடது பக்கம், சுவத்துல இடிக்காத" என்று கத்துவார். தூக்குகிறவர் என் கணவர். நானும் மாமாவின் மனைவியும் கண்ணாடிச் சாமான்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவோம். அவரை நான் அக்கா என்பேன்.

பூட்டு எங்கள் நாய். சாமான் ஏற்றிய வேனின் பின்கதவருகே படுத்துக் காவல் காக்கட்டும் என்று குட்டியிலேயே எடுத்து வளர்த்து, மாமாதான் அந்தப் பெயரை வைத்தார். பேருதான் பூட்டு. எந்தத் தெருவில் எந்தப் பெண் நாயின் வாடை அடித்தாலும் இவன் சுவரேறிக் குதித்துவிடுவான். ஒரு தடவை காது கிழிந்து திரும்பி வந்தான். இன்னொரு தடவை மூன்று நாள் வரவே இல்லை. என் மகள் சோற்றைத் தொடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். போன மாதம் ஒரு வீட்டுச் சாமானை இறக்கிக்கொண்டிருந்தபோது வேனிலிருந்து குதித்து நடுரோட்டில் ஓடினான். கார்க்காரன் பிரேக் போட்டும் இடுப்பில் இடித்துவிட்டது.

"எலும்பு தப்பிச்சிடுச்சு. அடுத்த தடவையும் தப்பிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் கால்நடை டாக்டரம்மா. "ஆபரேஷன் பண்ணிடுங்க. ஓடறது மொத்தமா நின்னுடும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பெரும்பாலும் குறைஞ்சிடும்."

அதைத்தான் நான் வந்து சொன்னேன். சாமான் கொட்டகையில், காலிப் பெட்டிகளுக்கு நடுவே பஞ்சாயத்து கூடியது.

"காயடிக்கிறதா? நம்ம நாய்க்கா?" மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா? தெம்பு போயிடும். நாளைக்கு ஒரு திருடன் வந்தா, வாலை ஆட்டிக்கிட்டே பெட்டிய எடுத்துக் கொடுக்கும்."

"இப்ப மட்டும் என்ன மாமா கிழிக்குது? திருடன் வர்ற நேரத்துல இது அடுத்த தெருவுல மாப்பிள்ளை முறுக்கோட சுத்திக்கிட்டு இருக்கு."

அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"ஆம்பளைன்னா நாலு எடம் சுத்தத்தான் செய்யும். அதுக்காக அறுத்துப் போட்டுடறதா? இதோ நிக்கறான் பாரு என் தம்பி. ஒத்த ஆளா பீரோவ முதுகுல கட்டி மாடிக்கு மாடி ஏத்துறான். எப்படி முடியுது? கத்தி படாத உடம்பு! முழு ஆம்பளை! அந்த இடத்துல கை வெச்சா அப்புறம் தலகாணி கூட தூக்க முடியாது, மனுஷனானாலும் சரி, நாயானாலும் சரி."

என் கணவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்த கயிறுதான் அது. அதைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து சுருட்டினார்.

நான் அவரையே பார்த்தேன். அவர் கயிற்றையே பார்த்தார்.

ஏன் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கத்தி படாத உடம்பில் எட்டு வருஷத்துக்கு முன்பே கத்தி பட்டாயிற்று. மகள் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் நான் பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு தடவை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போனபோது, "இவளை ஒரு தடவை கிழிச்சது போதும். எனக்குப் பண்ணுங்க" என்று சொன்னவர் இந்த மனுஷன்தான். காலையில் போனார், சாயந்திரம் நடந்து வந்தார். கொஞ்ச நாள் வேறு ஊரில் ஒரு வேலை என்று அண்ணனிடம் பொய் சொல்லி என் அம்மா வீட்டில் படுத்திருந்தார். அப்புறம் போய் ஃப்ரிட்ஜ் தூக்கினார். அன்றைக்கு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணன் காதுக்கு மட்டும் போக வேணாம். என்னைத் தூக்க விடமாட்டாரு." சரி என்றேன். அந்த நேரத்தில் அவர் மலையைப் பெயர்த்து வரச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். மேலே உட்கார்ந்து அமுக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். "ஒண்ணோட நின்னுபோச்சே" என்று என்னைத்தான் கேட்டார்கள். "கர்ப்பப்பைல ஏதோ கோளாறாம்" என்று என்னைத்தான் பேசினார்கள். பக்கத்து வீட்டு மாடிக்காரம்மா என்னைப் பார்த்தால் உச்சுக்கொட்டாமல் போனதில்லை. அக்கா எனக்காக மூன்று டாக்டர்களை விசாரித்து வைத்திருந்தார். ஊர் வாயெல்லாம் என் வயிற்றின் மேலேயே இருந்தது.

பஞ்சாயத்து நடந்த அன்றைக்கு ராத்திரி, சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மற்ற எதிலும் குறை சொல்ல முடியாத மனுஷன்.

"திங்கக்கிழமை பூட்டைக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அண்ணன் வேன் தரமாட்டாரு."

"ஆட்டோ இருக்கு."

"கொஞ்சம் பொறு. நான் மெதுவா பேசிப் பாக்கறேன்."

"நீங்க எட்டு வருஷமா மெதுவாத்தான் பேசறீங்க. எனக்குத்தான் ஒரு வார்த்தையும் காதுல விழல."

தண்ணீரை நிறுத்திவிட்டு நின்றார். "சொன்னா என்னைக் கணக்கு பாக்க உக்கார வெச்சிடுவாரு. இல்ல, ஒவ்வொரு பெட்டி தூக்கும்போதும் 'பாத்துடா, பாத்துடா'ன்னு மானத்தை வாங்குவாரு. எனக்குத் தெரிஞ்சது தூக்கறது ஒண்ணுதான்."

"உங்க உடம்பு, உங்க விஷயம். நான் கொடுத்த வாக்கு வாக்குதான், சாகற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன். ஆனா பூட்டுகிட்ட நான் எந்த வாக்கும் கொடுக்கல. அவன் செத்தா உங்க அண்ணனோட ஆம்பளைத்தனம் வந்து குழி தோண்டாது, நாமதான் தோண்டணும். நம்ம பொண்ணுதான் அழுவா."

திங்கட்கிழமை ஆட்டோ வந்தது. மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன், அனுமதி கேட்கவில்லை. என் கணவர் பூட்டை அள்ளி ஆட்டோவில் வைத்தார், காதுக்குப் பின்னால் தடவிக் கொடுத்தார், "நல்லபடியா போயிட்டு வாடா" என்றார். அவர் ஏறவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "போங்க அண்ணே" என்று ஆட்டோக்காரரிடம் கத்திவிட்டேன். அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பெரிய புனல் ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். பூட்டு அதைக் கதவில் இடித்தான், கட்டிலில் இடித்தான், மகளின் முழங்காலில் இடித்தான். மறுநாளே சோற்றுத் தட்டைப் புனலோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு வீடு முழுக்க ஓடினான். தெம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பெட்டி வேண்டுமென்றால்கூட அக்காவிடம், "அவகிட்ட சொல்லு, பெரிய பெட்டி ரெண்டு வேணுமாம்" என்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

அடுத்த வாரம் ஒரு வீடு. நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரம்மா மேலே நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்த ஆட்கள் இரண்டு பேர் மெத்தைகளை ஏற்றினார்கள். நானும் அக்காவும் கீழ்ப்படியில் உட்கார்ந்து, வழியில் ஆட்டம் கண்ட பெட்டி ஒன்றைத் திறந்து கோப்பைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பூட்டை வீட்டில் தனியே விட மனசில்லாமல் கூட்டி வந்திருந்தேன். புனலோடு வேன் நிழலில் படுத்திருந்தான்.

என் கணவர் இரும்பு பீரோவைப் பட்டை போட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு முதல் வளைவுக்குப் போய்விட்டார். மாமா படியில் நின்றுகொண்டு பூட்டைப் பார்த்தார். பார்வையாளர்கள் இருந்தால் மாமாவுக்கு நாக்கு நீளும்.

"பாவம்டா நீ" என்றார் உரக்க. "ராஜா மாதிரி இருந்த. பொம்பளை பேச்சக் கேட்டா இந்தக் கதிதான்." கூலி ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்குத் தைரியம் வந்து, ஒரு வாரமாகப் பேசாதவர் நேராக என்னைப் பார்த்தே கேட்டார்: "அடுத்து யாரும்மா? என் தம்பியையும் ஆட்டோல ஏத்திக் கூட்டிட்டுப் போயிடாத!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கையிலிருந்த கோப்பையை எறிய வேண்டும் போலிருந்தது. கொடுத்த வாக்கை நினைத்து, அதைத் தாளில் சுற்றத் தொடங்கினேன்.

மேலே காலடிச் சத்தம் நின்றது.

"என்னை யாரும் கூட்டிட்டுப் போகலண்ணே" என்றது பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு குரல். "நானேதான் போனேன்."

சிரிப்பு நின்றது. மாமாவுக்குப் புரியவில்லை. "எங்கடா?"

"ஆபரேஷனுக்கு. எட்டு வருஷமாச்சு. கோளாறு எல்லாம் அவளுக்கு இல்ல. பண்ணிக்கிட்டது நான்." ஒரு மூச்சு விட்டார். "பீரோவ உள் ரூம்ல வைக்கணுமா, ஹால்லயா?"

மாமாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது பயம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படியேறி ஓடினார். "டேய் இறக்குடா! இடுப்பு போயிடும்டா! யாராவது போய்ப் பிடிங்கடா!"

"நீங்க வழிய விடுங்கண்ணே, நடுவுல நிக்கறீங்க."

மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டார். என் கணவர் அவரைத் தாண்டி இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி என்று எப்போதும் போலவே ஏறிப் போனார். கூலி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெத்தையைத் தூக்கப் போனார்கள். மாமா மெல்ல இறங்கி வந்து, கண்ணாடிச் சாமான் இருந்த பெட்டி மேலேயே உட்காரப் போனார்.

"அது மேல உக்காராதீங்க, ஒடைஞ்சிடும்" என்றார் அக்கா. குரல் வேறு மாதிரி இருந்தது. "எனக்கும் பண்ணாங்களே, மூணாவது பொறந்ததும். ஞாபகம் இருக்கா? அடுத்த வாரமே உங்க வீட்டுக்குத் தண்ணிக் குடம் தூக்கினேன். தெம்பு போயிடும்னு அன்னைக்கு ஒரு வாய் சொல்லல. ஒரு நாய்க்குக் கூடின பஞ்சாயத்து எனக்குக் கூடல."

அக்கா என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"எத்தனை தடவைடி உன்னை டாக்டர்கிட்ட போன்னு நச்சரிச்சிருப்பேன். கல்லு மாதிரி இருந்தியே பாவி."

"சொல்ல வேண்டியவர் சொல்லட்டும்னு இருந்தேன்க்கா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோப்பை நடுவில் மாட்டிக்கொண்டது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் வீடு திரும்பும்போது ஒரு கோபம் கிளம்பியது, இந்த எட்டு வருஷத்தில் வராத கோபம். இவ்வளவுதானா இது? முதுகில் பீரோவோடு படியில் நின்றபடி சொல்ல முடிந்ததை, சும்மா உட்கார்ந்திருந்த எத்தனையோ சாயந்திரங்களில் சொல்ல முடியவில்லையா?

தெருமுனையில் அதை அப்படியே கேட்டேன். அவர் பூட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"தப்புதான்" என்றார். "உன் மேல ஏத்திட்டு நான் நிம்மதியா நடந்துட்டேன்."

"அண்ணன்கிட்ட சொன்னதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஊர் பூரா என் வயித்தைப் பத்திப் பேசியிருக்கு. நான் ஒருத்தர்கிட்டயும் போய் விளக்கம் சொல்ல மாட்டேன்."

"நீ ஏன் சொல்லணும்?"

வாசலில் மாடிக்காரம்மா வழக்கம்போல் உச்சுக்கொட்டத் தயாராக நின்றிருந்தார். பூட்டின் புனலைப் பார்த்ததும் முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டார். "ஐயோ, நாய்க்கும் பண்ணிட்டீங்களாமே? ஏற்கனவே வீட்டுல ஒண்ணோட நின்னுபோச்சு..." என்று என் வயிற்றைப் பார்த்தார்.

நான் கதவுச் சாவியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

என் கணவர் புனலைச் சேர்த்து அணைத்து நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தெருவுக்கே கேட்கிற குரலில், அவருடைய அண்ணனின் குரலில், சொன்னார்:

"ஆமாங்க. நாங்க ரெண்டு பேருமே பண்ணிக்கிட்டோம். இவன் போன வாரம், நான் எட்டு வருஷத்துக்கு முன்னாடி. வேற ஏதாவது கேக்கணும்னா என்னைக் கேளுங்க."